புகைச்சிறகனாக இருந்தவர்

அவர் சாப்பிடும்போது எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், வேலிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. அங்கே காலி பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொள்வார். தலைக்கவசம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். எங்காவது ஒரு குழந்தையின் குரல் கேட்டால் போதும், வாயில் சோறு இருக்கும்போதே கவசம் தலைக்கு ஏறிவிடும். ஒருநாள் அப்படி மாட்டிய வேகத்தில் இருமல் வந்து, உள்ளே ரசம் தெறித்து, அன்று மாலைக் காட்சி முழுவதும் ரச வாசனையோடுதான் பறந்தார்.

பறந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். கோடைக்கானலில் குழந்தைகளுக்கென்று இருந்த ஒரு தனியார் பூங்கா அது. ஒரு மரக்கோபுரத்திலிருந்து புல்வெளிக்குக் குறுக்கே எதிர்ப்பக்க மேடை வரைக்கும் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அதில் உருளையை மாட்டி, இடுப்பிலும் தொடையிலும் வார்கள் இறுக்கி, ஓர் ஆள் தொங்கியபடி வழுக்கி வருவார். கறுப்பும் செம்பும் கலந்த உடை, பழைய கூடாரத் துணியில் தைத்த இறக்கைகள், முதுகில் உறுமுகிற எஞ்சின், பின்னால் வெள்ளைப் புகை. அவர்தான் வில்லன். பெயர் புகைச்சிறகன்.

அந்தப் பெயரை வைத்தவள் நான். நுழைவுச்சீட்டோடு எட்டுப் பக்கப் படக்கதைப் புத்தகம் ஒன்று கொடுப்போம். படங்கள் திண்டுக்கல்லில் விளம்பரப் பலகை எழுதும் ஒருவர் வரைந்தவை. அலுவலகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கதையும் வசனமும் என் தலையில் விழுந்தன. மலையுச்சியில் இருக்கும் புகைச்சிறகன் எஞ்சின் உடையை மாட்டிக்கொண்டு பறந்து வருவான், ஊர்க்காரர்களைக் கல்லாக்குவான், மலைவீரன் என்பவன் வந்து அவனை வீழ்த்துவான். அரைநாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வெள்ளனே அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கம்பளித் தொப்பி, விரல் நகங்களில் கிரீஸ். கையில் அந்தப் புத்தகம் சுருட்டி இருந்தது.

"மேடம், இது நீங்கதான எழுதுனது?"

"ஆமாண்ணே."

"இவன் பறந்து வர்றான், பறந்து போறான். எங்க எறங்குறான்? எறங்குற மாதிரி ஒரு படம்கூடக் காணோமே."

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"சரி, அது கெடக்கட்டும். இவனுக்கு யாரு மேல கோவம்?"

"வில்லன்ணே. வேற ஒண்ணும் யோசிக்கல."

"அப்ப நானா ஒண்ணு வச்சுக்கிறவா?"

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்ன வைத்துக்கொண்டார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து அதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. தேநீர் நேரத்தில், மழை வந்து காட்சி ரத்தாகும் நேரத்தில், வளைத்து வளைத்துக் கேட்பேன். "ஏண்ணே வில்லனாச் சேந்தீங்க?" என்று ஆரம்பிப்பேன். ஒருமுறை, "அந்த உடுப்பு என் அளவுக்குத்தான் சேந்துச்சு" என்றார். உடையைத் தைத்தவரே அவர்தான் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு முறை, "ஹீரோவுக்கு முகமூடி இல்ல, நல்ல மூஞ்சி வேணும்ல" என்று சிரித்தார். பனி இறங்கி எதிரே இருப்பது தெரியாமல் போன ஒரு பிற்பகலில் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார்.

"ஹீரோ வந்தா பிள்ளைங்க சாஞ்சு உக்காந்துக்கிரும் தங்கச்சி. அவன் பாத்துக்குவான்னு. வில்லன் வந்தாத்தான் ஒண்ணு ரெண்டு எந்திரிச்சு நிக்கும். அத மேலயிருந்து பாக்கணும்."

மேடம் எப்போது தங்கச்சியானேன் என்று நினைவில்லை.

அவர் மேல்மலைக்காரர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். அங்கே வயலுக்கு முதுகில் மாட்டி மருந்தடிக்கும் எஞ்சின்களைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய சோலி. புகைச்சிறகனின் பறக்கும் எஞ்சினும் அப்படி ஒரு மருந்தடிக்கும் எஞ்சின்தான். மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயை இரண்டாகப் பிரித்துக் கீழ்நோக்கித் திருப்பியிருந்தார். அந்தக் காற்று ஓர் ஆளைத் தூக்காது. ஆனால் கம்பியில் தொங்கும்போது உடம்பை லேசாக ஏற்றி இறக்கும். கீழே புல்லில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்குக் கம்பி கண்ணில் படாது. மருந்து வாடை போவதற்காக அந்த எஞ்சினை ஒரு மாதம் சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். "பிள்ளைங்க தலைக்கு மேல போற சாமான்" என்பார்.

காட்சி இப்படி நடக்கும். அவர் உறுமிக்கொண்டு வந்து, புல்வெளிக்கு நடுவே கைப்பிரேக்கைப் பிடித்து அந்தரத்தில் நிற்பார். கவசத்துக்குள் ஒலிவாங்கி இருக்கும். "அற்ப மானிடர்களே!" என்று தொடங்குவார். மலைவீரன் ஓடி வருவான். அந்த வேடத்துக்கு உடற்பயிற்சிக்கூடத்தில் உடம்பு ஏற்றிய யாராவது ஒரு இளைஞன் வருவான், சீசனுக்கு ஒருவன் மாறுவான். அவன் கூட்டத்திலிருந்து ஒரு குழந்தையை அழைத்து, பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை அமுக்கச் சொல்வான். அமுக்கினால் புகைச்சிறகன் அலறிக்கொண்டு வழுக்கிப் போய், எதிர்மேடையில் மெத்தை மேல் விழ வேண்டும்.

அந்த விழுகையைத்தான் நான் திரும்பத் திரும்பக் கவனித்தேன். ஒரே மாதிரி அவர் இரண்டு முறை விழுந்ததில்லை. துள்ளிக்கொண்டு வருகிற குழந்தை அமுக்கினால் பட்டென்று விழுவார். அம்மாவின் கையை விடாமல் வருகிற குழந்தை என்றால், முதல் தடவை அமுக்கும்போது லேசாகத் தடுமாறிவிட்டு, "ஹா! இவ்வளவுதானா?" என்பார். அந்தக் குழந்தை அம்மா கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அமுக்கும். அப்போது விழுவார், எலும்பெல்லாம் நொறுங்கிப்போன மாதிரி. மேடையிலிருந்து எழுந்து வர அன்றைக்கு ரொம்ப நேரமாகும்.

"கூச்சப்படுற பிள்ளைக்கு வெரசா விழுந்துரக் கூடாது" என்று ஒருமுறை சொன்னார். "சும்மா விட்டுக்குடுத்தான்னு அதுக்குத் தெரிஞ்சு போகும்."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருமுறை அவரோடு போனேன். கேரட் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பாவோடு நின்ற ஒரு சின்னப்பெண் அந்தக் குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பி, அவரையே உற்றுப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீச்சுக் குரலில், "எம்புட்டுங்க கிலோ?" என்றார். கடைக்கார அம்மா, "என்னய்யா ஆச்சு ஒனக்கு? இப்ப நல்லாத்தான பேசுன?" என்று சத்தமாகக் கேட்டாள். கேரட் வாங்காமலே நடையைக் கட்டினார். பின்னாலேயே ஓடிப் பிடித்து, எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை போன வாரம் பொத்தான் அமுக்குனது. நான் கேரட்டுக்குப் பேரம் பேசுற ஆளுன்னு தெரிஞ்சா, அது பயந்ததும் பொய்யாயிரும். பயந்துக்கிட்டே முன்னாடி வந்து அமுக்குச்சு பாருங்க, அதுவும் பொய்யாயிரும்."

எனக்கு அது கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது. சில நாள் சங்கடமாகவும் இருந்தது. ஒரு மனிதன் இவ்வளவு தூரம் வேடத்துக்குள் போக வேண்டுமா என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சங்கடம் போனது ஒரு ஏப்ரல் மாதக் காலையில்.

அன்றைக்கு ஒலிப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வரவில்லை. நான்தான் மேசையில் உட்கார்ந்து இசையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். புல்லில் இருபத்தேழு குழந்தைகள். பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், தேநீர்க் கடையோரம் நின்றார்கள். அவர் வழக்கம்போல நடுக்கம்பிக்கு வந்து நின்று, "அற்ப மானிடர்களே!" என்று சொல்லி முடித்தார். மலைவீரன் இன்னும் வரவில்லை. அப்போதுதான் சோலைக்காட்டுப் பக்கம் வேலி சாய்ந்து கிடந்த இடத்தில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது.

காட்டெருமை. கோடைக்கானலில் அது ஒன்றும் அதிசயமில்லை, தெருவில் நடந்து போகும், நாங்கள் ஒதுங்கி நிற்போம். ஆனால் இது தனியாக வந்த பெரிய ஆண். அது புல்வெளிக்கே வந்துவிட்டது. குழந்தைகளுக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே நின்று, தலையை உயர்த்தி மூச்சை இழுத்தது. யாராவது ஒரு குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியும். மலைவீரன் கோபுரத்தின் கீழ்க் கதவைத் திறந்தவன், பார்த்தான், திரும்பச் சாத்திக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் கைகளும் மேசையோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தன.

எஞ்சின் நின்றது. அவர்தான் நிறுத்தியிருந்தார். நான் இசையை மெல்லக் குறைத்தேன். பிறகு அந்தக் குரல் வந்தது. புகைச்சிறகனின் குரல்தான், ஆனால் காதோடு சொல்வது போல அவ்வளவு தணிவாக.

"அற்பச் சிறுவர்களே. இந்த நொடியில் உங்கள் அனைவரையும் கல்லாக்கினேன். கல் அசையாது. கல் பேசாது. கல் திரும்பிப் பார்க்காது. 'விடுதலை' என்று நான் சொல்லும் வரை உங்களில் ஒருவரும் அசைய முடியாது."

இருபத்தேழு குழந்தைகளும் அப்படியே உறைந்தார்கள். ஒருத்தி பாதி தூக்கிய கையோடு நின்றாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தாய் வாயைத் திறந்துகொண்டு முன்னால் பாய்ந்தார்.

"பின்னால் நிற்கும் பெரியவர்களே, உங்களுக்கும்தான்" என்றது குரல். "கல்லைத் தொட வருபவர் தாமும் கல்லாவார்."

அந்தத் தாய் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

காட்டெருமை மேய ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், பூங்காவின் நல்ல புல்லை இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று கடித்துக்கொண்டு குழந்தைகளை நெருங்கியது. முன்வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று மூச்சு விட்டது. அவள் முன்தலை முடி அந்த மூச்சில் பறந்ததை நான் பார்த்தேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அருமையான கற்கள்" என்றது குரல், மேலேயிருந்து. "என் வாழ்நாளில் இத்தனை நல்ல கற்களைக் கண்டதில்லை."

நாற்பது நிமிடம் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அந்தக் குரல் கற்களைப் பாராட்டியது. அவர் காலை அசைக்கவில்லை, அசைத்தால் உருளை கிறீச்சிடும். கைப்பிரேக்கை விட்டால் சத்தத்தோடு வழுக்கிப் போய்விடுவார். அதனால் அத்தனை நேரமும் ஒரே பிடியாக அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொடை வார்களில் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கித் தொங்கினார். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியாகச் சொன்னது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

காட்டெருமை வந்த வழியே திரும்பிப் போய் மரங்களுக்குள் மறைந்தது. யாரோ ஒரு தகப்பன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவ்வளவுதான், எல்லோரும் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள், அழுகையும் முத்தமுமாக இருந்தது. மேலே பார்த்தேன். அவர் தலை தொங்கிக் கிடந்தது. பிரேக்கைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. கயிறு வீசி இழுத்து மேடைக்குக் கொண்டுவந்து, அந்த விரல்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

வார் இறுக்கியதில் கால்களுக்கு ரத்தம் ஓடாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். வலது கால் தேறியது. இடது பாதத்தை அதற்குப் பிறகு அவரால் நிமிர்த்தித் தூக்க முடியவில்லை, நடந்தால் தரையில் தட்டும். இனிமேல் கம்பியில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கை உடைந்த ஒரு குழந்தை இருந்ததால் அங்கேயும் அந்தக் கீச்சுக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் அதுதான் அவருடைய குரல் என்று நினைத்திருந்தார்கள்.

முதலாளி பழத்தட்டோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். நானும் உடன் இருந்தேன்.

"போட்டோ எடுத்து வாசல்ல பெருசா வைக்கப் போறேன். உடுப்போட, முகமூடி இல்லாம. பிள்ளைகளைக் காப்பாத்துன வில்லன். ஊரே உங்களக் கும்பிடும்ங்க."

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தன் சொந்தக் குரலுக்கு வந்தார்.

"வேணாம் மொதலாளி."

"ஏங்க? இதுல என்ன தப்பு?"

"அன்னிக்கு அதுங்க அசையாம நின்னுச்சுங்க. வில்லன் மந்திரத்தையும் அந்த மாட்டையும் தாக்குப்பிடிச்சதா வீட்டுல போய்ச் சொல்லிருக்கும். போட்டோ வச்சா, அது நான் பண்ணதா ஆயிரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். படம் வைக்கவில்லை. புகைச்சிறகன் காட்சியும் அதோடு நின்றது. அந்தக் கம்பியில் இப்போது வருகிறவர்களையே தொங்கவிட்டு அனுப்புகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. கன்னிவாடியிலிருந்து ஒரு தாய். கோபமாகத்தான் தொடங்கினார், பேசப் பேச அழுகைக்கு வந்துவிட்டார். சிவப்பு ஸ்வெட்டர் சிறுமியின் அம்மா.

"மாட்டப் பாத்தா நின்னுர்றாங்க எம்மக. எங்க ஊர்ல தெருவுக்கு நாலு மாடு நிக்கும். அப்பிடியே கல்லாட்டம் நின்னுர்றா. கூப்பிட்டாக் கேக்கல, தூக்குனா வெறைச்சுக்கெடக்கா. முந்தா நாளு ரோட்டுல நின்னுட்டா, பின்னாடி பஸ்சு. டிரைவர் பாத்ததால தப்புச்சோம். ஏன்டின்னு கேட்டா, 'அவன் இன்னும் விடுதலை சொல்லல'ங்கிறா."

அவர் அப்போது வட்டக்கானலில், ஒரு விடுதிக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கி, வாட்டர் ஹீட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சொல்லல தங்கச்சி" என்றார். "நெசந்தான். நான் சொல்லவே இல்ல."

"மயங்கிட்டீங்கண்ணே. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா?"

மறுநாள் காலை உடையை உரச்சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். வத்தலக்குண்டில் இறங்கி மாறினோம். மலை முடிந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. கன்னிவாடிக்கு வெளியே ஒரு தோட்டத்து மோட்டார் அறையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, உடை மாற்றினார். எஞ்சின் இல்லை, அதன் பாரத்தை இப்போது அவரால் சுமக்க முடியாது. கைத்தடியையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த வெயிலில், ரப்பரும் துணியுமான அந்த உடைக்குள், ஒரு பாதம் தரையில் தட்டத் தட்ட, புகைச்சிறகன் தெருவழியே நடந்தார். நாய்கள் குரைத்தன. டீக்கடையில் ஒருவர், "ஏலே, இங்க பாருங்கடா!" என்று மற்றவர்களை எழுப்பினார். அவர் எதையும் பார்க்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சிறுமி வாசலில் நின்றாள். ஏழு வயதிருக்கும். அவரைக் கண்டதும் விறைத்துப் போனாள்.

"அற்பச் சிறுமியே..." என்று தொடங்கியவர், அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு இடது காலை நீட்டிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இப்போது அவளைவிட உயரம் குறைவாக இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் உதடு மட்டும் அசைந்தது.

"நீ பறந்து வரலையா?"

"இல்ல. பஸ்சுல வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கவசத்துக்குள்ளிருந்து வந்தது அவருடைய சொந்தக் குரல். கேரட்டுக்குப் பேரம் பேசும் அந்தக் குரல்.

"எதுக்கு எங்களக் கல்லாக்குன?"

"பயந்துட்டேன்" என்றார்.

"யாரு?"

"நாந்தான்."

"நீதான வில்லன்?"

"வில்லனுக்குப் பயம் வராதா? எம்புட்டுப் பெரிய மாடு! மேல தொங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க யாராச்சும் ஓடுனா அது வெரட்டிக்கிட்டு வரும், என்னால எறங்கி வர முடியாது. எனக்கு வேற ஒண்ணும் தோணல. கல்லாக்கத்தான் தெரியும், அதச் செஞ்சேன்."

"அப்பறம் ஏன் விடல?"

"மயக்கம் வந்துருச்சு. சொல்லாம விட்டுப் போச்சு. எந்தப்புத்தான் தாயி."

அவள் கவசத்தின் கறுப்புக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க முயன்றாள். எதுவும் தெரிந்திருக்காது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். இந்த முறை பழைய குரலில், அந்தத் தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"விடுதலை!"

அவள் நகரவில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்த வீட்டு வேப்பமரத்தில் ஒரு பசுமாடு கட்டிக் கிடந்தது. அது தலையை ஆட்ட, கழுத்து மணி சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத் துணுக்குற்றது சிறுமி இல்லை, அவர். உட்கார்ந்தபடியே ஒரு சாண் பின்னால் நகர்ந்துவிட்டார். அது நடிப்பா என்று பிறகு பஸ்ஸில் கேட்டேன். இல்லை என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாடு என்றால் தனக்கும் கைகால் ஆடுகிறது என்றார்.

சிறுமி அவரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது எங்க சின்னம்மா வீட்டு மாடு" என்றாள். "ஒண்ணும் பண்ணாது."

"முட்டாதா?"

"புல்லுக் குடுத்தா முட்டாது. வா."

கையுறை போட்ட விரல் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். பிறகு இருவரும் போனார்கள், அவள் முன்னால், இறக்கைகள் தரையில் இழுபட அவர் பின்னால். மாட்டுக்கு இரண்டடி முன்பு இருவருமே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். யார் முதலில் கையை நீட்டினார்கள் என்பதை என்னால் பார்க்க முடியவில்லை, இறக்கை மறைத்தது.

அவள் அம்மா செம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். கவசத்துக்குள்ளிருந்து வியர்வை கழுத்தில் வழிய, அப்புறம் குடிக்கிறேன் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மோரை நான்தான் குடித்தேன். மோட்டார் அறைக்குத் திரும்பிப் போய், கவசத்தைக் கழற்றி, பம்புத் தண்ணீரில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் மலை ஏறத் தொடங்கியதும் சொன்னார்.

"இன்னும் இருவத்தாறு பேரு இருக்காங்கல்ல தங்கச்சி?"

காட்சிக்குக் குழந்தைகளை உள்ளே விடும்போது பெற்றோரிடம் கைபேசி எண்ணோடு கையெழுத்து வாங்குவோம். முதலாளியிடம் கேட்டு அன்றைய தாளை எடுத்துவந்தேன். வட்டக்கானல் அறையில் உட்கார்ந்து, இரண்டு பிற்பகல், ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். முதலில் நான் பெற்றோரிடம் விவரம் சொல்வேன், பிறகு கைபேசியை அவரிடம் கொடுப்பேன். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, புகைச்சிறகன் குரலில் பேசுவார். "உன்னை விடுவிக்கிறேன். விடுதலை!" பெரும்பாலான குழந்தைகளுக்கு எல்லாம் மறந்து போயிருந்தது. ஒரு குழந்தை பயந்து அழுதது. மதுரையில் ஒரு குழந்தை, "சரி அங்கிள், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டது. அவர் முகம் மாறவில்லை. எல்லாரிடமும் அதே அக்கறையோடு சொன்னார்.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகளிடம் பேசியபோதுதான் அவர் முதல்முறையாகத் தடுமாறினார். விடுதலை என்றதும் அந்தப் பெண் சிரித்தாள். கைபேசிக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"நான் அன்னிக்கே அசஞ்சுட்டேனே!"

"என்ன?"

"கட்டைவெரல ஆட்டுனேன். ஷூவுக்குள்ள. நீ சொல்லிக்கிட்டே இருந்தியா, நான் ஆட்டிக்கிட்டே இருந்தேன். ஒனக்குத்தான் தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததா, சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அறிவேன் சிறுமியே" என்றார், அந்தப் பெரிய குரலில். "அன்று என் மந்திரம் தோற்றது உன் ஒருத்தியிடம்தான். இதை யாரிடமும் சொல்லிவிடாதே."

மறுமுனையில் கைபேசி கீழே விழும் சத்தமும், "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடும் காலடிச் சத்தமும் கேட்டன. அது தேய்ந்து மறையும் வரை காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கைபேசியை நீட்டினார்.

"அடுத்த நம்பரப் போடுங்க தங்கச்சி."